சந்திரனைக் கணக்கில் கொண்டு மனத்தைப் பழக்குவது எப்படி?

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், தியானம் செய்யும் முறையைக் கண்ணன் விரிவாகச் சொல்லிக்கொண்டு வரும்போது அர்ஜுனன் இடைமறிக்கிறான். மனம் அலைபாய்வது, கலக்கிவிடுவது, வலியது, விடாப்பிடியானது, அதை அடக்குவது காற்றை அடக்குவதைப் போன்ற கடினமான செயல் என்கிறான் (6.34). கண்ணன் அதை மறுக்கவில்லை. மனம் அடக்குவதற்கு அரியதுதான், ஐயமில்லை என்று ஒப்புக்கொண்டு, அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் அது வசப்படும் என்று விடை தருகிறான் (6.35). பதஞ்சலியின் யோக சூத்திரமும் இதே இரண்டையே கருவிகளாகத் தருகிறது (1.12). விடாத பழக்கம், பற்றைத் தளர்த்துதல் ஆகிய இரண்டும் போதும் என்றால் ஜோதிடத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது நியாயமே.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம், பரமபுருஷனின் மனத்திலிருந்து சந்திரன் பிறந்ததாகச் சொல்கிறது. ஐதரேய உபநிடதம் அதையே திருப்பிச் சொல்லி, சந்திரன் மனமாகி மனிதனின் இதயத்தினுள் புகுந்தான் என்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தம் பிருகத் ஜாதகத்தில், ராசி மண்டலத்தையே உடலாகக் கொண்ட காலபுருஷனுக்குச் சூரியனை ஆத்மாவாகவும் சந்திரனை மனமாகவும் வகுத்தார். இன்றைய ஜோதிடர் சந்திரனை மனோகாரகன் என்று அழைப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்றாகிய ஜோதிடம், முதலில் ஜாதகம் பார்க்கும் கலையாக அமையவில்லை. லகதரின் பெயரால் வழங்கும் வேதாங்க ஜோதிடம், வேள்விகள் காலத்தை ஒட்டி விதிக்கப்பட்டவை என்றும், காலத்தை அறிவிக்கும் இந்தச் சாத்திரத்தை அறிந்தவனே வேள்வியை அறிந்தவன் என்றும் கூறுகிறது. எதை, எப்பொழுது செய்ய வேண்டும் என்பதே அதன் பழைய கேள்வி. மனப் பயிற்சியிலும் ஜோதிடத்தை அந்த இடத்தில் வைப்பதே முறை என்பது என் கருத்து. மனத்தை எப்படிப் பழக்குவது என்பதை உபநிடதமும் கீதையும் யோக சூத்திரமும் சொல்லட்டும். எந்த நாளில் சற்றுக் கூடுதலாக விழித்திருக்க வேண்டும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லட்டும். இந்த வரிசையை மாற்றி, நாளுக்கும் கோளுக்கும் முதலிடம் கொடுத்துவிட்டால் பயம் ஒன்றுதான் மிஞ்சும்.

ஜாதகத்தில் பார்க்க வேண்டியது

முதல் வேலை, உங்கள் ஜாதகத்தில் சந்திரன் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது. சந்திரன் நிற்கும் ராசியே உங்கள் ராசி. அவன் நிற்கும் நட்சத்திரமே உங்கள் பிறந்த நட்சத்திரம். ஆகவே பெரும்பாலோருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். அதனுடன், பிறந்தது வளர்பிறையிலா தேய்பிறையிலா, சந்திரனுடன் வேறு கிரகம் சேர்ந்திருக்கிறதா, சனி, செவ்வாய், குரு ஆகியோரின் பார்வை சந்திரன்மேல் விழுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜோதிட மரபு இவற்றுக்குச் சொல்லும் பொதுப் பொருள் சுருக்கமானது. சர ராசிச் (மேஷம், கடகம், துலாம், மகரம்) சந்திரன் விரைவில் நகர்வான். ஸ்திர ராசிச் (ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம்) சந்திரன் பிடித்ததை எளிதில் விடமாட்டான். உபய ராசிச் (மிதுனம், கன்னி, தனுசு, மீனம்) சந்திரன் இரண்டு பக்கமும் யோசிப்பான். சனியின் தொடர்பு சோர்வையும் பொறுமையையும் தரும். செவ்வாயின் தொடர்பு வேகத்தையும் கோபத்தையும் தரும். ராகுவின் தொடர்பு காரணமற்ற அச்சத்தைத் தரும். குருவின் தொடர்பு தெளிவைத் தரும்.

இவற்றை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை நீங்களே கவனிப்பதற்கான கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்குச் சந்திரன் செவ்வாயுடன் இருக்கிறான், ஆகவே நான் கோபக்காரன்" என்று முடித்துவிட்டால், கோபத்துக்கு ஒரு சான்றிதழ் கிடைத்ததாகவே ஆகும். "என் கலக்கம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளிப்படுகிறதா?" என்று கேட்டுக்கொண்டு சில மாதங்கள் பார்த்தால் பயன் உண்டு. குறிப்பாக, விருச்சிக ராசிக்காரர்கள் பலர் தங்கள் சந்திரன் நீசம், அதாவது பலம் குன்றியவன் என்று கேள்விப்பட்டதிலிருந்தே மனம் ஒடிந்து போகிறார்கள். விசாகம் நான்காம் பாதம், அனுஷம், கேட்டை ஆகியவற்றில் பிறந்த எல்லோருக்கும் சந்திரன் அந்த ராசியில்தான் இருப்பான். அதாவது மக்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர். அத்தனை பேரும் மனவலிமை இல்லாதவர்கள் என்று சொல்வதற்கு எந்த நூலின் துணையும் போதாது.

பஞ்சாங்கத்தைப் பயன்படுத்தும் முறை

சந்திரன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 27 நாளும் 8 மணி நேரமும் ஆகின்றன. ஆகவே ஒரு ராசியில் அவன் இரண்டேகால் நாள் அளவுக்குத் தங்குகிறான். உங்கள் ராசியை ஒன்று என்று எண்ணத் தொடங்கி எட்டாவதாக வரும் ராசியில் அவன் இருக்கும் காலமே சந்திராஷ்டமம். மனம் கலங்கக் கூடும் என்று ஜோதிட மரபு எச்சரிக்கும் காலம் அது. மேஷ ராசிக்கு அது விருச்சிகம். கடக ராசிக்கு அது கும்பம். தினசரி நாட்காட்டியில் சந்திராஷ்டமம் என்ற தலைப்பின் கீழ் உங்கள் ராசியின் பெயரோ நட்சத்திரத்தின் பெயரோ அச்சிடப்பட்டிருந்தால், அன்று உங்களுக்கு அந்தக் காலம் என்று பொருள். பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையே நேர வேறுபாடு உண்டு என்பதால், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே தொடர்ந்து பின்பற்றுங்கள். தாரா பலன், ஹோரை, கௌரி நேரம் என்று இன்னும் பல கணக்குகள் உண்டு. மனப் பயிற்சியைத் தொடங்குகிறவர் அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

சந்திராஷ்டமம் ஆண்டுக்கு 13 முறையளவில் வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டேகால் நாள் என்றால் ஆண்டில் ஒரு முழு மாதம். அந்த ஒரு மாதம் முழுவதும் அலுவலகத்துக்குப் போகாமலும் பயணம் செய்யாமலும் யாருடனும் பேசாமலும் இருக்க எவராலும் முடியாது. அப்படி இருக்க முயல்வதே மனத்தைக் கலக்கிவிடும். ஒத்திப்போடக் கூடிய சிலவற்றை மட்டும் ஒத்திப்போடுவது நடைமுறைக்கு ஏற்றது. கோபத்தில் எழுதிய பதிலை அனுப்புவது, சொத்துப் பாகம் பற்றிய பேச்சை எடுப்பது, வேலையை விட்டுவிடுவதாக அறிவிப்பது, பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து விசாரணை நடத்துவது போன்றவை இரண்டு நாள் தாமதித்தால் கெட்டுப்போகாதவை. இவற்றை எந்த நாளிலும் தாமதித்துச் செய்வது நல்லதுதானே என்று கேட்டால், ஆம், நல்லதுதான். மாதம் ஒருமுறை அதை நினைவூட்ட ஒரு குறிப்பு இருப்பது வசதி.

நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது; இந்த வழிமுறையில் மிகவும் முக்கியமானது அதுதான் என்று கருதுகிறேன். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இரவு படுக்கப் போகும் முன், அன்று மனம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். எதில் சிக்கிக்கொண்டது, எப்போது விடுபட்டது, தூக்கமும் பசியும் எப்படி இருந்தன என்பவை போதும். அன்றைய திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் எதையும் அப்போது பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு எழுதினால், அன்று கை தவறி உடைந்த தம்ளர்கூடச் சந்திராஷ்டமத்தின் கணக்கில் ஏறிவிடும். நான்கைந்து மாதம் எழுதிய பிறகு நாட்காட்டியை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் திதியையும் சந்திரன் நின்ற ராசியையும் குறித்துக்கொண்டே வாருங்கள். சிலருக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களில் சோர்வு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கலாம்; சிலருக்குப் பௌர்ணமியை ஒட்டித் தூக்கக் குறைவு தென்படலாம்; சிலருக்கு எந்த ஒழுங்கும் தெரியாமல் போகலாம். ஒழுங்கு தென்பட்டால் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். தென்படாவிட்டால், நிலவின் கணக்கை உங்கள் வரையில் விட்டுவிடுவதில் குற்றமில்லை. குறிப்பேட்டை மட்டும் விடாதீர்கள். ஏனென்றால், எழுதும் பழக்கத்தால் மனத்தைச் சற்று எட்ட நின்று பார்க்கும் திறன் அதற்குள் வந்திருக்கும்.

தினசரி அப்பியாசம்

கீதை 6.10 தொடங்கி உள்ள சுலோகங்கள் அமர்வதற்கான முறையை நேரடியாகவே சொல்கின்றன. தனிமையான தூய இடம், மிக உயரமோ மிகத் தாழ்வோ இல்லாத நிலையான ஆசனம், உடலும் தலையும் கழுத்தும் நேராக அசையாமல் இருத்தல், பார்வையை அலையவிடாமை. தர்ப்பையும் மான் தோலும் துணியும் விரித்த ஆசனத்தை அந்தச் சுலோகம் குறிப்பிட்டாலும், கோரைப் பாயின்மேல் மடித்த துணி ஒன்று போதுமானது. தரையில் உட்கார முடியாதவர்கள் முதுகு நிமிர்ந்திருக்கும்படி நாற்காலியில் அமரலாம்.

நேரம் என்று கேட்டால் மரபு பிரம்ம முகூர்த்தத்தைச் சொல்லும். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது அது. உதயம் 6 மணிக்கு என்றால் 4.24 முதல் 5.12 வரை. ஆனால் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு இந்த நேரத்துக்கு எழுகிறவர், மிகுதியாக உறங்குகிறவனுக்கும் உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்ற 6.16ஆம் சுலோகத்தை மறந்துவிடுகிறார். ஊரெல்லாம் பிரம்ம முகூர்த்தத்தின் பெருமையைப் பேசுகிறது. இந்தச் சுலோகத்தைப் பேசுவோர் குறைவு. உங்கள் உறக்கம் நிறைவடையும் நேரத்தை ஒட்டி ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் இருப்பதே சிறந்தது. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்புடன் செய்யப்படும் பயிற்சியே உறுதியான அடித்தளம் பெறும் என்று யோக சூத்திரம் (1.14) மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. ஒரே நாளில் ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டு வாரம் முழுவதும் அமராமல் இருப்பதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் அமர்வது அந்த மூன்றையும் நிறைவேற்றும்.

அமர்ந்தபின் செய்ய வேண்டியது மூன்று படிகளில் அடங்கும். முதலில் மூச்சை மெதுவாக வெளியே விட்டு, விட்ட பின் இயல்பாக நேரும் சிறு நிறுத்தத்தைக் கவனியுங்கள். யோக சூத்திரம் 1.34 மனத் தெளிவுக்குச் சொல்லும் வழிகளில் இது ஒன்று. மூச்சைப் பலவந்தமாகப் பிடித்து நிறுத்த வேண்டாம். ஆசிரியர் இல்லாமல் கும்பகம் பழகுவது நல்லதன்று. சில நிமிடங்களில் மூச்சு தானாக நீளும். மூச்சு அடங்கினால் மனமும் அடங்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் ரமண மகரிஷி, உபதேச உந்தியாரில் அந்த ஒடுக்கத்தை லயம் (தற்காலிகமாக ஒடுங்குதல்) என்றும் நாசம் (முற்றிலும் அழிதல்) என்றும் இரண்டாகப் பிரித்து, லயித்த மனம் மீண்டும் எழும் என்று எச்சரிக்கிறார். ஆகவே மூச்சு அமைதியானதும் அங்கேயே நின்றுவிடாமல் ஜபத்துக்கு நகருங்கள். ஐந்தெழுத்தோ எட்டெழுத்தோ ஆறெழுத்தோ, குலவழக்கில் வந்த திருநாமமோ, எது உங்களுக்குச் சொந்தமாகப் படுகிறதோ அதை உதடு அசையாமல் சொல்லுங்கள். வேள்விகளுள் நான் ஜப வேள்வி என்று கண்ணன் சொன்னது (10.25) வசதி குறைந்தவர்களுக்கும் பெரிய ஆறுதல், இதற்கு நெய்யும் வேண்டாம், சமித்தும் வேண்டாம்.

மூன்றாவது படி, மனம் ஓடிப்போகும்போது செய்ய வேண்டியது. நிலையற்ற மனம் எங்கெங்கு போகிறதோ அங்கங்கிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து தன் வசத்தில் வைக்க வேண்டும் என்கிறது 6.26, அதற்கு முந்தைய சுலோகம் 'மெல்ல மெல்ல' என்ற சொல்லால் அவசரத்தைத் தடுக்கிறது. கால் மணி நேரத்தில் நாற்பது தடவை ஓடிய மனத்தை நாற்பது தடவை திருப்பிக் கொண்டுவந்தால் அந்த அமர்வு தோல்வியாகிவிடாது. திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சி. ஓடியதற்காகத் தன்னையே கடிந்துகொள்வது இன்னொரு ஓட்டம்.

உணவும் ஏகாதசியும்

சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மனம் என்பது உணவால் ஆனது என்று கற்பிக்கிறார். நம்பிக்கை வரவில்லை போலும். பதினைந்து நாள் உண்ணாதே, தண்ணீர் மட்டும் விருப்பம்போல் குடி என்று மகனுக்குச் சொல்கிறார். பதினாறாம் நாள் வந்து நின்ற மகனை ரிக், யஜுர், சாம வேதங்களை ஓதச் சொன்னால், எதுவும் நினைவுக்கு வரவில்லை என்கிறான். பதினாறு கலைகளில் (பகுதிகளில்) ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது, போய்ச் சாப்பிட்டு வா என்று அனுப்புகிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் நினைவுக்கு வருகின்றன. சந்திரனுக்குச் சொல்லப்படும் பதினாறு கலைகளும், தேய்ந்து வளரும் பதினைந்து நாட்களும் இந்தக் கதையில் மனத்தின் அளவாகவே வந்து நிற்பதைக் கவனித்தால், மனத்தையும் சந்திரனையும் முன்னோர் ஒன்றாக எண்ணியதன் நுட்பம் புரியும்.

இந்தக் கதையிலிருந்து இரண்டு பக்கமும் பாடம் எடுக்க வேண்டும். உணவு மனத்தை ஆக்குகிறது என்பதால், எதை உண்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அதே உணவு இல்லாமல் போனால் மனம் வெறுமையாகிவிடுகிறது என்பதால், பட்டினியைப் பெருமையாகக் கொள்ளக் கூடாது. பதினோராம் திதியாகிய ஏகாதசியில் உபவாசம் இருந்து மறுநாள் துவாதசியில் பாரணை செய்வது (உண்டு விரதத்தை முடிப்பது) மாதம் இருமுறை வரும் நல்ல ஒழுங்கு. முழு உபவாசம் இயலாதவர் ஒரு வேளை பலகாரமோ பழமும் பாலுமோ கொள்ளலாம். நீரிழிவு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், உணவோடு மருந்து உட்கொள்ள வேண்டியவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. உபவாச நாளில் பசி எழும்போது மனம் செய்யும் வாதங்களைக் கவனிப்பதே பெரிய பயிற்சி. விருப்பம் எப்படிக் காரணங்களைத் தயாரிக்கிறது என்பது வயிறு காலியாக இருக்கும் நாளில் தெளிவாகத் தெரியும். அன்று எரிச்சலில் வீட்டாரைக் கடிந்துகொண்டால், அடுத்த ஏகாதசிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு அமைதியாக இருப்பது மேல்.

வைராக்கியத்தைப் பழகுவது

கடோபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேரோட்டியாகவும் சொல்கிறது. இந்த உருவகத்தில் மனம் எதிரியாக வரவில்லை. கடிவாளத்தை அறுத்தெறிய யாரும் சொல்வதில்லை. அது தேரோட்டியின் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. கை நழுவும் கணத்தைக் கண்டுபிடிக்கக் கீதை 2.62, 63 ஆகிய இரண்டு சுலோகங்கள் உதவும். ஒரு பொருளை எண்ணிக்கொண்டே இருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாற்றம், அதனால் புத்தி நாசம், பிறகு அழிவு. கோபம் வந்த பிறகு அடக்க முயல்வது சங்கிலியின் நடுவில் கை வைப்பது. முதல் கண்ணியான 'எண்ணிக்கொண்டே இருத்தல்' எங்கே தொடங்கியது என்று அன்றிரவு குறிப்பேட்டில் தேடுங்கள். கைபேசியில் பார்த்த ஒரு படமாகவோ, உறவினர் ஒருவர் சொன்ன ஒரு சொல்லாகவோ அது இருக்கும்.

தீய எண்ணம் உறுத்தும்போது அதற்கு எதிரான எண்ணத்தைப் பழகச் சொல்கிறது யோக சூத்திரம் 2.33. அதே நூல் 1.33இல் இன்பமுற்றோரிடம் நட்பு, துன்பமுற்றோரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் விலகல் என்று நான்கு மனநிலைகளை வைக்கிறது. நான்கில் முதலாவதே கடினம். அடுத்தவர் வீட்டில் நடந்த நல்லதைக் கேட்டு நட்புடன் இருக்க முடிகிறதா என்று பார்த்தால், வைராக்கியம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். சந்திராஷ்டம நாளுக்கு என்று தனியாக ஏதாவது வைத்துக்கொள்ள விரும்புகிறவர், அன்று ஒரு மணி நேர மௌனத்தை வைத்துக்கொள்ளலாம், மௌனத்தைக் கீதை வாக்கின் தவத்தில் சேர்க்காமல் மனத்தின் தவத்தில் சேர்த்திருக்கிறது (17.16).

ஏழரைச் சனியும் பரிகாரங்களும்

சனி உங்கள் ராசிக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு ஆகிய இடங்களில் இரண்டரை ஆண்டுகள் வீதம் சஞ்சரிக்கும் காலம் ஏழரைச் சனி. இதை மனத்தின் நீண்ட மழைக்காலமாகச் சொல்லிப் பயமுறுத்துவோர் பலர். ஆனால் எந்த நேரத்திலும் பன்னிரண்டு ராசிகளில் மூன்று ராசிக்காரர்கள் இதில்தான் இருப்பார்கள். அதாவது தெருவில் நால்வரில் ஒருவர். அந்தக் காலத்தில் புதிதாக எதையும் சேர்க்காமல், வைத்திருக்கும் பயிற்சியை ஒரு நாளும் குறைக்காமல் செய்வது போதும்.

பரிகாரம் பற்றி ஒரு சொல். திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூர்க் கைலாசநாதர் கோயில் சந்திரனுக்குரிய தலமாகப் போற்றப்படுகிறது. போய் வருவது மனத்துக்கு இதமளிக்கும். போக முடியாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரிடம், நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருமறைக்காட்டில் அப்பர் தடுத்தபோது, சம்பந்தர் பாடிய கோளறு பதிகம், ஞாயிறு முதல் ராகு, கேது என்னும் இரு பாம்புகள் வரை ஒன்பது கோள்களையும் பெயர் சொல்லி அழைத்து, சிவனடியார்க்கு அவை 'நல்ல நல்ல' என்று முடிக்கிறது. கோள்களே இல்லை என்று அவர் சொல்லவில்லை. உளமே புகுந்த இறைவன் இருக்கும் இடத்தில் அவற்றுக்கு அச்சமூட்டும் வேலை இல்லை என்கிறார். பதினொரு பாடல்கள், கால் மணி நேரத்துக்குள் பாடிவிடலாம், செலவு எதுவும் இல்லை. சந்திராஷ்டம நாளின் காலையில் நாட்காட்டியை மூடி வைத்துவிட்டுப் பாட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜோதிடர் முத்து மோதிரமும் பெரும் பொருட்செலவில் ஹோமமும் செய்தால்தான் மனம் நிற்கும் என்றால், தட்சிணையைக் கொடுத்து வணங்கிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சில கலக்கங்களுக்கு இந்த வழிமுறை எதுவும் பொருந்தாது. வாரக்கணக்கில் தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, உயிரை விட்டுவிடத் தோன்றும் எண்ணம், பிறருக்குக் கேட்காத குரல்கள் காதில் விழுதல் ஆகியவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது சாத்திரத்துக்கு மாறானதும் அன்று. சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாக வகுக்கும்போது, மந்திரமும் விரதமும் சார்ந்த தெய்வ வழியை ஒன்றாகவும், உணவையும் மருந்தையும் முறையறிந்து தருவதை இன்னொன்றாகவும், தீங்கு தரும் பொருள்களிலிருந்து மனத்தை மீட்பதை மூன்றாவதாகவும் வைத்தது. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் ஜபமும் செய்யலாம். ஜபம் தொடங்கிவிட்டது என்பதற்காகவோ நல்ல கிரக தசை பிறந்துவிட்டது என்று ஜோதிடர் சொன்னதற்காகவோ மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. வீட்டில் ஒருவர் இந்த நிலையில் இருக்கும்போது, "சந்திராஷ்டமம் முடிந்தால் சரியாகிவிடும்" என்று நாள் கடத்தாமல், அன்றைக்கே அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.